வாசகர் கேள்வி – பதில்: பழைய கேமராவும் ஒரு டம்ளர் காபியும்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பழைய ஃபிலிம் கேமராக்களோடு நடந்துவிட்டு, வெயில் ஏறியதும் காபிக் கடையில் உட்கார்ந்து கேமராப் பேச்சு பேசும் சில நண்பர்களைப் பற்றிப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைத் தொடர்ந்து பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்ததால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: மறைந்த என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்று இருந்தது. பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலில் 7 என்ற எண் தெரிகிறது. உள்ளே ரோல் இருக்கிறதா? இந்தக் கேமராவை இன்னும் பயன்படுத்த முடியுமா? (ஒரு வாசகி, ஆற்காடு)

பதில்: முதல் வேலையாக, அதைத் திறக்காமல் இருங்கள் அம்மா. எண் தெரிகிறதென்றால் உள்ளே ரோல் இருக்கிறது. அதில் உங்கள் அப்பா எடுத்த படங்கள் சிலவாவது இருக்கும். ஃபிலிமில் ஒளி பட்டு, ரசாயனத்தில் கழுவப்படாமல் கிடக்கும் பிம்பம் உடனே அழிந்துபோவதில்லை. பத்தாண்டுகள் கழித்தும், சில சமயம் அதற்கும் மேல் கழித்தும், புகை மூட்டத்துக்கு நடுவே தெரிவதுபோல முகங்கள் மீண்டு வந்ததுண்டு. மீதியிருக்கும் படங்களை எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தாலும் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். சுற்றும் திருகை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இறுக்கம் விட்டு அது சும்மா சுழலும். அப்போது ரோல் முழுவதும் மறுபக்கத்து ஸ்பூல் என்ற சுற்றுருளைக்குப் போய்விட்டது என்று பொருள். விளக்கை அணைத்த அறையில் திறந்து, பின்காகிதம் தளராமல் பிடித்து, பசைப் பட்டையால் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, கறுப்பு வெள்ளை ரோல்களைக் கையால் கழுவும் ஒருவரிடம் "பழைய ரோல்" என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அது வண்ண ரோலாகவே இருந்தாலும், அந்தக் காலத்து வண்ண ரசாயன முறை இன்று இல்லாததால், கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதுதான் வழி.

கேமராவைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். பரோடாவில் தயாராகி நாடு முழுவதும் விற்ற அந்தப் பெட்டியில் பேட்டரி இல்லை, ஒளியை அளக்கும் மீட்டர் இல்லை. கெட்டுப்போவதற்கே அதில் அதிகம் ஒன்றுமில்லை. அது எடுத்துக்கொள்ளும் 120 என்ற அளவு ரோல் இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஒரு ரோலுக்குச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். பழைய ரோலை எடுத்ததும் ஒரு பக்கம் காலி ஸ்பூல் மிஞ்சும். குப்பை என்று நினைத்து அதை எறிந்துவிடாதீர்கள், அடுத்த ரோலைச் சுற்றி வாங்கிக்கொள்ளப் போவது அதுதான். ஒளிக்கு அசையும் வேகம் (ஐ.எஸ்.ஓ.) நூறாக உள்ள கறுப்பு வெள்ளை ரோல் போதும். இதன் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு, மெதுவானது என்பதால் நானூறு வேகத்தைப் போட்டு நம்மூர் வெயிலில் எடுத்தால் நெகட்டிவ் கன்னங்கரேலென்று வந்து நிற்கும். இன்னொன்று: அந்தச் சிவப்பு ஜன்னல், சிவப்பு ஒளிக்கு அசையாத அந்தக் காலத்து ஃபிலிமை நம்பி வைக்கப்பட்டது. இன்றைய ஃபிலிம் எல்லா நிறத்துக்கும் அசையும் என்பதால், சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, மற்ற நேரத்தில் அதன்மேல் கறுப்புப் பட்டை ஒன்றை ஒட்டி வைப்பது நல்லது.

உங்கள் அப்பா போட்டது ஊட்டி ரோலாக இருக்கவும் கூடும். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967 முதல் "இந்து" என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோத் தாளும் தயாரித்தது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. ரோலின் பின்காகிதத்தில் அந்தப் பெயர் இருந்தால், கழுவியவரிடம் சொல்லிக் காகிதத்தையும் திருப்பி வாங்கி வையுங்கள்.

கேள்வி: காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் பழைய கேமராவைத் திறந்து துடைப்பது எனக்குப் பிடித்த வேலை. இப்போது லென்ஸுக்குள் ஒட்டடைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. காபி ஆவியால் வந்ததா? (ஆம்பூர்)

பதில்: வந்திருப்பது பூஞ்சை. அதற்குக் காபியைக் குற்றம் சொல்ல முடியாது; தோல் உறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். தோலோடு பிழைக்கும் ஆம்பூர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உறையை அழகுக்குத் தனியாக வைத்துவிட்டு, கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறியதும் அந்த மணிகளை வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசியில் புதைத்து வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அரிசியிலிருக்கும் மாவுத் தூசு ஷட்டருக்குள் போகும் என்பதால் அது வேண்டாம். நம் பகுதி ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பதால் கடலோரத்துக்காரர்களைவிட நமக்குத் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கண் வைத்திருந்தால் போதும்.

ஆனாலும் திறந்த கேமராவின் பக்கத்தில் காபி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆவி கண்ணாடியில் படிந்து தானாகவே போய்விடும், பாலும் சர்க்கரையும் அப்படிப் போவதில்லை. டபராவிலிருந்து தெறித்த ஒரு துளி ஷட்டர் தகடுகளுக்கு நடுவே காய்ந்தால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்துத்தான் கழுவ வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்வதாகத் தையல் மெஷின் எண்ணெயை விடுகிற பழக்கமும் நம்மூரில் உண்டு. அது இன்னும் மோசம். ஷட்டர் தகடு உலர்ந்திருந்தால்தான் ஓடும். காபியைக் குடித்து முடித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன்பிறகு கேமராவை எடுங்கள்.

கேள்வி: என் கணவர் பழைய கேமராக்களாக வாங்கிக் குவிக்கிறார். காலையில் காபியோடு அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைப்பார், வைப்பார். ஒரு படம்கூட எடுத்ததில்லை. இது நோயா? (ஒரு வாசகி, இராணிப்பேட்டை)

பதில்: நோய் என்று சொல்ல மாட்டேன் அம்மா, ஆனால் கேமராக்களுக்கு அது நல்லதில்லை. ஷட்டருக்குள் இருக்கும் பழைய மசகு, அசையாமல் கிடந்தால் கெட்டியாகிவிடும். மெதுவான வேகங்கள்தான் முதலில் நின்றுபோகும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் கேமராக்களின் பின்கதவோரத்தில் ஒளி புகாமல் இருக்க ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு, காலப்போக்கில் கரைந்து தார்போல ஒட்டும். கண்ணாடி அலமாரியில் பார்க்க எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ரோலைப் போட்டால்தான் எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்பது தெரியும். ஓடாத கேமராவைத் துடைத்துக்கொண்டு காபி குடிப்பதில் இருக்கும் சுகத்தைவிட, ஓடுகிற கேமராவின் முதல் ரோல் கழுவி வரும்வரை காத்திருந்து குடிக்கும் காபியின் சுகம் பெரியது என்பது என் கட்சி. அவருக்கு ஒரே ஒரு ரோலை வாங்கிக் கையில் கொடுங்கள். அது முடியும்வரை அலமாரிக்குப் புதிய வரவு இல்லை என்று சொல்லிவிடுங்கள். முதல் படமாக உங்களையே எடுக்கச் சொல்வதும் நியாயம்தான்.

கேள்வி: காபித்தூளால் ஃபிலிம் கழுவலாம் என்று நண்பன் சொல்கிறான். கேலி செய்கிறானா? உண்மையென்றால் வீட்டு டிகாக்‌ஷனிலேயே செய்யலாமா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது முழு உண்மை. 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில், ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரின் போட்டோ வேதியியல் வகுப்பு இதைச் செய்து காட்டியது. அந்தக் கரைசலுக்குக் காஃபினால் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயரைப் பார்த்துவிட்டு வேலை செய்வது காஃபீன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுவது காபியில் இருக்கும் காஃபிக் அமிலம் முதலியவை. அவை காரத்தில்தான் வேலை செய்யும் என்பதால் சலவை சோடாவும், வேகத்தைக் கூட்ட வைட்டமின் சி-யும் சேர்க்கிறார்கள்.

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம். 20 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். சோடாவை முழுதாகக் கரைத்த பிறகு வைட்டமின் சி-யைப் போடுங்கள், நுரைக்கும். நுரை அடங்கியதும் காபியைப் போட்டுக் கலக்கி, குமிழிகள் அடங்கச் சில நிமிடம் விட்டு, உடனே பயன்படுத்துங்கள். எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். முதல் நிமிடம் ஃபிலிம் இருக்கும் டேங்கைத் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு நிமிடத்துக்கு மூன்று முறை செய்தால் போதும்.

எங்கே சறுக்குவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. ஆப்ப சோடாவைப் போட்டால் கரைசலில் காரம் போதாமல் ரோல் வெறுமையாக வரும். கடையில் கிடைப்பது கண்ணாடிக் கட்டிபோன்ற படிகச் சோடாவாக இருந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், 54 கிராமுக்குப் பதிலாக ஏறத்தாழ 146 கிராம் வேண்டும். வைட்டமின் சி-யும், சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு நிற மாத்திரையாக இல்லாமல் தூய அஸ்கார்பிக் அமிலத் தூளாக இருக்க வேண்டும். இன்ஸ்டன்ட் காபியில் சிக்கரி கலக்காததைத் தேர்ந்தெடுங்கள். மலிவானதே போதும், சுவைக்கு இங்கே வேலையில்லை. வீட்டு டிகாக்‌ஷன் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: நேற்று இறக்கியதும் இன்று இறக்கியதும் ஒரே திடத்தில் இருக்காது, அளவு நிலைக்காத டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலை) நம்பி ரோலைக் கொடுக்க முடியாது.

பிறகு நம் ஊரின் இரண்டு தொல்லைகள். முதலாவது வெயில்: சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடுகிறது, அந்தச் சூட்டில் ஃபிலிமின் பூச்சு இளகிவிடும். பெரிய பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதில் எல்லாப் பாட்டில்களையும் நிறுத்தி, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே தொடங்குங்கள். இரண்டாவது, பாலாற்றுப் படுகையின் உப்புத் தண்ணீர்: அதில் சோடாவைக் கரைத்தால் வெண்மையாகத் திரிந்துபோகும், கடைசிக் கழுவலில் பயன்படுத்தினால் நெகட்டிவில் உப்புத் திட்டுகள் விழும். கேன் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வையுங்கள். ஹைப்போவுக்குக் காபி மாற்று ஆகாது. அதை வாங்கித்தான் தீர வேண்டும். டம்ளர், கரண்டி எதையும் சமையலறையிலிருந்து எடுக்காதீர்கள். வாடையையும் முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள்: நல்ல காபியின் மணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேள்வி: ஜெனிட்-இ கேமரா ஒன்றை வாங்கினேன். மீட்டர் அசையவில்லை. மீட்டர் இல்லாமல் கோட்டையில் எப்படிப் படம் எடுப்பது? (ஆசிரியர், குடியாத்தம்)

பதில்: அந்தச் சோவியத் கேமராவின் மீட்டர் செலினியம் தகட்டால் ஓடுவது, தகடு வயதாகிச் செத்திருந்தால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம். கேமராவுக்கு அது தேவையுமில்லை, ஷட்டர் முழுக்க இயந்திரத்தால் ஆனது. உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் ஹீலியோஸ் 44-2 நல்ல லென்ஸ். அதற்காகவே ஜெனிட்டைத் தேடுகிறவர்கள் உண்டு.

தெளிவான வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்ற அளவில் வைத்து, ஃபிலிமின் வேகம் எவ்வளவோ அதற்கு அருகிலுள்ள ஷட்டர் வேகத்தை வைப்பது பழைய கணக்கு: நூறு வேக ரோலுக்கு 1/125 நொடி, நானூறுக்கு 1/500 நொடி. இரண்டும் உங்கள் கேமராவிலேயே இருக்கின்றன. அகழிக் கரையிலிருந்து கருங்கல் மதிலை எடுக்க இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு வந்தால் கதை மாறிவிடும். யாளிகளும் குதிரை வீரர்களும் நிற்கும் வெளிவரிசைத் தூண்களுக்கு, நானூறு வேக ரோலில் எஃப் 5.6, 1/125 என்று தொடங்குங்கள். உள்ளே தள்ளிப் போகப் போக எஃப் 2.8, 1/30 வரை இறங்க வேண்டியிருக்கும். தூணுக்கு வெளியே தெரியும் வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் யாளி கரிக்கட்டையாகிவிடும். நிழலுக்குக் கணக்குப் போடுங்கள். வெயில் பக்கம் கொஞ்சம் வெளுத்தாலும் நெகட்டிவ் தாங்கும். சந்நிதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். முக்காலி கொண்டுபோவதானால் தொல்லியல் துறைக் காவலரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். வேலூர் ஏறத்தாழ பதின்மூன்று பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் விழும், கல் சிற்பமும் தட்டையாகிவிடும். விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை எடுத்துவிட்டு, பிறகு காபிக்குப் போய்விடுங்கள். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு, சாய்ந்த வெயிலில் அந்த மொட்டை மலையின் பாறை மடிப்புகளையும் பாலாற்று மணலையும் எடுத்துப் பாருங்கள். மரம் இருந்திருந்தால் மறைந்திருக்கக்கூடியதெல்லாம் படத்தில் வந்திருக்கும்.

கேள்வி: யாஷிகா எலக்ட்ரோ 35, பென்டாக்ஸ் கே1000 இரண்டும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்? (திருப்பத்தூர்)

பதில்: முதல் கேமரா என்றால் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் கேமராவில் பேட்டரி போனால் மீட்டர் மட்டும்தான் போகும். ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். எலக்ட்ரோவின் லென்ஸ் அருமையானது, சத்தமும் இல்லை. ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் அதற்கு 1/500 என்ற ஒரே வேகம்தான். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது; 6 வோல்ட் பேட்டரியை ஒரு சிறு இணைப்பியோடு போட்டால் ஓடும். எதை வாங்கினாலும் விற்பவர் முன்னாலேயே பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஷட்டரைச் சொடுக்கிப் பாருங்கள்; கே1000 என்றால் ஒவ்வொரு வேகத்திலும். அதில் ஒரு நொடி என்று போட்டிருப்பது ஒரு நொடியாகக் காதில் விழ வேண்டும்.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (திமிரி)

பதில்: கைப்பேசியே போதும் என்று தோன்றினால் போதும்தான். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு டம்ளர் ஹோட்டல் காபியின் விலைக்குக் குறையாமல் வருகிறது. விருப்பமில்லாதவரை இதற்குள் இழுத்துவிடும் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள். காபி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே? (ஆரணி)

பதில்: கேட்டதற்கு நன்றி. கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில், பீபரியும் பிளான்டேஷனும் சரிபாதியாக வாங்குங்கள். சிக்கரி இருபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் நாக்கின் தீர்ப்பு. பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள்: கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அந்த எல்லையிலேயே நிற்கும் பாக்கெட்டுகளும் உண்டு. அத்தகைய தூளில் டிகாக்‌ஷன் கறுப்பாக இறங்கும், மணம் மட்டும் இருக்காது. ஃபில்டரில் தூளைப் போட்டுத் தட்டை லேசாக வைத்து, கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, கேமராவுக்கு ரோல் போடப் போய்விடுங்கள். அவசரப்பட்டுத் தட்டக் கூடாது. பால் ஒரே ஒரு முறை பொங்கியதாக இருக்கட்டும். இரண்டாம் டிகாக்‌ஷனை விருந்தாளிக்குக் கொடுக்கும் வீடுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: வேலைக்காக அடிக்கடி வெளிநாடு போகிறேன். விமான நிலையச் சோதனையில் ரோல் கெடுமா? (வாணியம்பாடி)

பதில்: புதிதாக வந்திருக்கும் சி.டி. ஸ்கேன் கருவியில் ஒரே தடவை போனாலும் கெடும். பெட்டியில் போட்டு அனுப்பும் சாமான்களுக்கான சோதனையும் ஃபிலிமுக்கு ஆகாது. ரோல்களைக் கைப்பையில், உள்ளிருப்பது வெளியே தெரியும் பை ஒன்றில் தனியாக வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: ரோலை எடுத்து முடித்துவிட்டேன். இங்கே யாரும் கழுவுவதில்லை என்கிறார்கள். என்ன செய்வது? (செய்யாறு)

பதில்: வண்ண ரோல் கழுவும் இயந்திரங்களை நம் பகுதி ஸ்டுடியோக்கள் எப்போதோ எடுத்துவிட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் கூரியரில் ரோல் வாங்கிக் கழுவி, ஸ்கேனை இணையத்தில் அனுப்பும் கூடங்கள் இருக்கின்றன. ஒரு ரோலுக்காக அனுப்பாமல், நண்பர்களின் ரோல்களையும் சேர்த்து அனுப்பினால் கூரியர்ச் செலவு குறையும். ஒவ்வொரு ரோலின் மேலும் பெயரையும் தேதியையும் அழியாத மையால் எழுதுங்கள். எடுத்த ரோலை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டுவைக்காமல், அனுப்பும்வரை வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நெகட்டிவ்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பணம் கட்டும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில இடங்களில் கேட்காதவர்களின் நெகட்டிவ்களைச் சில மாதங்கள் வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடுகிறார்கள்.